வாடின கறிவேப்பிலையும் ட்ரிப்ஸ் கேட்கிற சொந்தக்காரர்களும்

தொட்டிச் செடி வாடினால் நாம் எல்லோரும் முதலில் செய்வது தண்ணீர் ஊற்றுவது. ஊற்றியும் வாடினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது. அரசு மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கிறவனுக்கு இது ரொம்பப் பழகின காட்சி. எப்படின்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

செடி என் அம்மாவுடையது. மன்னார்குடி பக்கம் எங்கள் பழைய வீட்டை விற்றபோது, கிணற்றடி கறிவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து முளைத்த பக்கக்கன்று ஒன்றைத் தோண்டி எடுத்து வந்தார். வீட்டை வாங்கினவர் மரத்தை வெட்டிவிட்டார். ஆக, அந்த வம்சத்தில் மிச்சம் இது ஒன்றுதான். எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னல் திண்டில், ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தார். நான் அதுவரை ஒரு துளசிகூட வளர்த்தவன் இல்லை.

மூன்றாவது மாதம் அடியிலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. நுனி தொங்கிப்போனது. "இந்த எடம் ஒத்துக்கல போலடா" என்றார் அம்மா ஒருநாள். செடியைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் கேஸைக் கையில் எடுக்கும்போது வைத்தியம் ஜரூராக நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அரிசி கழுவின தண்ணீர். வாரம் இரண்டு தடவை புளித்த மோர். எதிர்வீட்டு அக்கா கொடுத்த யூரியா. கீழ்வீட்டு சார் யூடியூப் பார்த்துச் சொன்ன எப்சம் உப்பு. நாலு டாக்டர், நாலு மருந்து, ஒரு பேஷண்ட். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

எப்சம் உப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது மெக்னீசியம் சல்பேட். பிரசவ வார்டில் அது எங்களுக்குக் குலசாமி மாதிரி. பிரஷர் ஏறின கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது என்று 2002இல் வெளியான மேக்பை ஆய்வு காட்டியது. ஆனால் ஒவ்வொரு டோஸுக்கு முன்னாலும் முழங்காலைத் தட்டிப் பார்ப்போம், மூச்சை எண்ணுவோம், சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்போம். அளவு மீறினால் மூச்சே நின்றுபோகும். செடிக்குத் தட்டிப் பார்க்க முழங்கால் இல்லை. மெக்னீசியம் குறைந்த செடிக்கு அது மருந்து. மற்ற செடிக்கு அது வெறும் உப்பு.

அதனால் என் முதல் ஆர்டர்: எல்லாவற்றையும் நிறுத்து. தண்ணீர் உட்பட.

"வாடிக் கெடக்குறதுக்குத் தண்ணியவே நிறுத்துறியே, நீயெல்லாம் என்னடா டாக்டரு?"

இந்தக் கேள்வியை வருஷா வருஷம் மழைக்காலத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். அந்த 24 முதல் 48 மணி நேரம் ட்ரிப்ஸை அளந்து அளந்து கொடுப்போம். அதைத் தாண்டிவிட்டால் கசிந்த நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பி வரும். அப்போதும் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் கழற்றுவோம். கழற்றினதும் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். "புள்ள சோர்ந்து கெடக்கு, ஒரு பாட்டில்கூட ஏத்த மாட்டேங்கறீங்க, தனியார்ல கொண்டு போனா ஏத்துவாங்க." அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது. நிறுத்துவது யாருக்கும் வைத்தியமாகத் தெரிவதில்லை.

சரி, செடிக்கு வருவோம். மஞ்சள் என்பது நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. எந்த இலை மஞ்சள் என்று பார்க்கணும். நைட்ரஜனும் மெக்னீசியமும் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்து வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். (இலையே காணோம், வெறும் ஈர்க்குதான் நிற்கிறது என்றால் அது வேற கேஸ். பட்டாம்பூச்சிப் புழுவைத் தேடுங்க.)

இங்கே அடியிலை மஞ்சள். சத்துக் குறைவு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யூரியா போட்டும் மாறவில்லை. போட்டது உள்ளே போகவில்லை என்றால் பார்க்க வேண்டியது வாயை. செடிக்கு வாய் வேர்.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டேன். சேறு. தொட்டியைத் தூக்கினேன், கல் மாதிரி கனத்தது. இதய நோயாளிகளைத் தினமும் எடை பார்க்கச் சொல்வோமே, அதே கணக்கு. நீர் தேங்குவதை எடை முதலில் சொல்லிவிடும். அடியிலிருந்த ஓட்டை மண் இறுகி அடைத்திருந்தது. கீழே வைத்த தட்டிலும் தண்ணீர்.

வேர் மூச்சு விடும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன். அந்த இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் பரவும். வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகின வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஆக, தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தண்ணீர் பற்றாதது மாதிரியே தெரியும். இன்னொரு சொம்பு ஊற்றுவார். இதில் ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் வேறு. வெயில் இல்லாத செடி குடிப்பதும் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். தொட்டியைக் கவிழ்த்ததும் சாக்கடை நாற்றம். வேரில் பாதிக்கு மேல் கறுத்து, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் அழுகினதையெல்லாம் வெட்டினேன். சர்க்கரை நோயாளியின் காலில் புண்ணைச் சுத்தம் செய்கிற மாதிரிதான், உயிருள்ள இடம் தெரிகிற வரைக்கும் வெட்டணும். ஒரு பக்கமாக வெள்ளை வேர் நாலைந்து கெட்டியாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன மண்தொட்டியை எடுத்து வந்து வைத்தார்.

செம்மண், மணல், கொஞ்சம் மக்கின எரு. உரம் கிடையாது. இருக்கிற நாலு வேருக்கு ஏற்ற மாதிரி மேலே கிளையையும் பாதியாகக் குறைத்தேன். அதற்குத்தான் அம்மா கண் கலங்கினார். மொட்டை மாடியில் ஒரு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில். விரல் விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

அந்தத் தட்டை மறக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், புழு இல்லை. ஆனால் ஏடிஸ் கொசு குடியிருக்கப் பெரிய குளம் தேடாது. தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கவிழ்த்தால் மட்டும் பத்தாது, வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவணும். கொசுப்புழு பார்க்க வீட்டுக்கு வருகிற பணியாளர்களை வாசலோடு திருப்பி அனுப்பாதீங்க. அவர்கள் கவிழ்க்கிற ஒவ்வொரு தட்டும் எங்கள் வார்டில் ஒரு கட்டிலைக் காலியாக்குகிறது.

மூன்று வாரம் குச்சியாகவே நின்றது. நாலாவது வாரம் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி. இப்போது ஒரு சாண் துளிர்த்திருக்கிறது.

இந்த வாரம் புதுப் பிரச்சினை. கொழுந்து வெளுப்பு, நரம்பு பச்சை. இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். காரத்தன்மை ஏறினால் இரும்பு கரையாது, வேருக்குக் கிடைக்காது. மருந்துக்கு முன்னால் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம் என்று மழைத்தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். "அப்ப மோரு ஊத்தலாமா?" என்றார் அம்மா. மாதம் ஒரு தடவை, ஒரு டம்ளர், தண்ணியா என்று பேரம் முடிந்திருக்கிறது.

மாடியில் இரண்டு வாளி நிரம்பியிருக்கு. வாய்க்குப் பழைய வேட்டித் துணி கட்டியாச்சு. சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் கட்டு தளர்ந்திருக்கா என்று பார்க்கிறது என் வேலை.