தைப்பே நகரில் ஒரு பகலும் ஓர் அல்லங்காடியும்

பகலிற் கூடும் சந்தையை நாளங்காடி என்றும், இரவிற் கூடுவதை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். பண்டைய மதுரையில் இவ்விரண்டும் சிறந்து விளங்கின எனப் பள்ளிப் பருவத்திலே படித்தோம். ஆயினும் அல்லங்காடி எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு, சென்ற ஐப்பசித் திங்களில் தைவான் தீவின் தலைநகராகிய தைப்பேயிலேதான் எமக்குக் கிட்டியது.

தைவான், பரப்பளவில் நம் இலங்கையின் பாதியைச் சற்றே விஞ்சிய தீவு. சனத்தொகையோ 2 கோடி 30 இலட்சத்துக்கு மேல். ‘அழகிய தீவு’ எனப் பொருள்படும் போர்மோசா என்ற பெயரை அதற்கு இட்டவர் போர்த்துக்கேயர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். அதன்பின் சீனரும், 1895 தொடக்கம் 1945 வரை யப்பானியரும் ஆண்டனர்.

எமக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மையார். கையிலே குடை, தோளிலே துணிப்பை, வாயிலே ஓயாத ஆங்கிலம். “காலையில் உண்ணாமல் வாருங்கள்” என்று முதல் நாளே கட்டளையிட்டிருந்தார். எம் இல்லத்தரசியார் மரக்கறி உணவன்றி வேறெதுவும் தொடாதவர். இதனை அறிந்ததும் அம்மையார் சிறிதும் தயங்கவில்லை. தைவானிலே பௌத்த நெறிப்படி புலால் நீத்தவர் பலர் உளராம். சுவஸ்திகைச் சின்னம் பொறித்த கடைகளில் ஐயமின்றி உண்ணலாமாம். வெங்காயமும் உள்ளியுங்கூட அங்கே பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்று கேட்டபோது, இல்லத்தரசியார் முகத்தில் தோன்றிய நிம்மதியை என்னென்பது!

முதலிலே லுங்ஷான் கோயில். சீனத்தின் பூசியன் மாகாணத்திலிருந்து வந்து குடியேறியோர் 1738ஆம் ஆண்டில் எழுப்பியது. கருணையே வடிவான குவான்யின் அங்கே மூலமூர்த்தி. வடமொழியார் அவலோகிதேசுவரர் என்பது இவரையே. 1945ஆம் ஆண்டு அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் நடு மண்டபம் எரிந்து விழ, மூர்த்தி மட்டும் தப்பியதாம். வழக்கமாக அம்மண்டபத்தில் ஒதுங்கும் மக்கள், அன்றிரவு நுளம்புத் தொல்லை தாளாது வீடு திரும்பியதால் உயிர் பிழைத்தனர் என்று ஒரு கதையும் வழங்குகிறது. நுளம்பை வாழ்த்தும் தலபுராணம் வேறெங்கும் உண்டோ, நாம் அறியோம்.

பிறைவடிவான இரு மரத்துண்டுகளை நிலத்திலே போட்டு, இறைவன் திருவுளம் அறிகின்றனர் அங்குள்ளோர். ஒன்று நிமிர்ந்தும் மற்றது கவிழ்ந்தும் கிடந்தால் ‘ஆம்’ என்பது விடை. நம்மூரிலே பூக்கட்டிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. தன்னை மறந்து மும்முறை போட்டுப் பார்த்த ஓர் இளைஞன், மூன்றாம் முறை முகமலர்ந்து எழுந்து ஓடினான். என்ன கேட்டானோ!

அடுத்து, சியாங் கை-ஷேக் நினைவு மண்டபம். வெண்சலவைக் கல்லும் நீல ஓடுமாக வானளாவி நிற்பது. சீனர் மரபுவழி வயதைக் கணக்கிடும் முறைப்படி அவர் மறைந்தபோதிருந்த வயதைக் குறிக்க 89 படிகள். அவருடைய பெருஞ்சிலையின் முன் காவல் நின்ற வீரர்கள் 2024ஆம் ஆண்டில் அங்கிருந்து அகற்றப்பட்டு, இப்போது வெளிமுற்றத்திலே அணிநடை பயில்கின்றனர். அம்மையார் முழங்கால் வலி என்று கூறிக் கீழேயே நின்றுவிட்டார். நாம் ஏறி இறங்கி வந்தபோது, குடையை ஊன்றியபடி மண்டபத்துக்கு முதுகு காட்டி நின்றார். அப்போது அதனை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை.

பிற்பகலில் தாடாவ்செங் என்னும் பழைய வணிகப் பகுதியை அடைந்தோம். அங்குள்ள திகுவா தெருவிற் கால் வைத்ததும் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவின் வாசனை! உலர்ந்த காளான், கடலுணவு வற்றல், வெயிலிற் காய்ந்து பொன்னிறமான மீன்சினை, சிறு இழுப்பறைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கிய மருந்துக் கடைகள். இப்பகுதியிலிருந்து 1869ஆம் ஆண்டில் ஊலோங் தேயிலை முதன்முதலாக நியூயோர்க்குக்குக் கப்பலேறியது. நம் நாட்டில் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதற்கு இரண்டே ஆண்டுகள் பிந்தியது அது. கடைக்காரர் ஊற்றித் தந்த ஊலோங் பொன்னிறமாயிருந்தது. பாலும் சீனியும் கேட்க வாயெடுத்தோம். அம்மையாரின் பார்வை எம்மைத் தடுத்தது.

இவ்வூரே சண்டையிற் பிறந்தது. 1853இல், லுங்ஷான் கோயிற் பக்கத்திலே குடியேறியவர்களுள் இரு சாரார் ஒருவரையொருவர் வெட்டிக் கொண்டனர். இரு சாராரும் ஒரே மாகாணத்தவர். தோற்றவர்கள் தம் காவற் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தனர். அத்தெய்வத்துக்கு எடுத்த சிறு கோயிலிலே இன்று இளைஞரும் யுவதியரும் நல்ல துணை வேண்டி வரிசையில் நிற்கின்றனர்.

பொழுது சாயும் வேளை, நான்ஜிங் மேற்கு வீதியில் ஒரு சிறு நினைவுக் கல்லின் முன் அம்மையார் நின்றார். காலைமுதல் ஓயாத பேச்சு அங்கே தாழ்ந்தது. 1947 பெப்ரவரி 27ஆம் நாள் மாலை. லின் ஜியாங்-மாய் என்னும் கைம்பெண் தெருவோரத்தில் வரி செலுத்தாத சிகரெட்டு விற்றுக்கொண்டிருந்தார். புகையிலை ஏகபோகத் திணைக்களத்தார் வந்து சரக்கையும் காசையும் பறித்தனர். பிள்ளைகளின் வயிற்றுப்பாட்டைச் சொல்லிக் கெஞ்சியவரின் தலையிலே கைத்துப்பாக்கியால் அடித்தனர். கூட்டம் கொதித்தது, அதிகாரி சுட்டதில் வேடிக்கை பார்த்த ஒருவர் மடிந்தார். மறுநாள் தீவெங்கும் கிளர்ச்சி. சியாங் கை-ஷேக் பெருநிலத்திலிருந்து அனுப்பிய படை மார்ச் மாதத்தில் வந்திறங்கியது. மாண்டவர் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என 1992ஆம் ஆண்டின் அரசாங்க அறிக்கை மதிப்பிட்டது. 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் நிலவியது. அக்காலத்தில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச மக்கள் அஞ்சினர். 1995இல் ஜனாதிபதி லீ டெங்-ஹுய் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

“என் பாட்டியும் இத்தெருவிலே பலகாரம் விற்றவர். அன்று மாலையும் இங்கேதான் இருந்தார். என்ன கண்டீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். ‘சாப்பிட்டாயா?’ என்பார், வேறொன்றும் சொல்லமாட்டார். சொல்லாமலே போய்விட்டார்” என்றார் அம்மையார்.

நாம் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதை அவர் அறிவார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை. இல்லத்தரசியார் மட்டும் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

அங்கிருந்து சிறிது தூரத்திலே நிங்சியா அல்லங்காடி. ஒரே தெரு, நடுவிலே மனிதர் நடக்க இடம், இருமருங்கும் தள்ளுவண்டிகள். வண்டிக்கு வண்டி வேறு நெருப்பு, வேறு வாசனை. சிப்பியைக் கீரையோடும் முட்டையோடும் சேர்த்து, வற்றாளங்கிழங்கு மாவிலே தோய்த்து இரும்புத் தட்டில் வார்த்தார் ஒருவர். மேலே இனிப்புக் குழம்பு. முதல் வாய்க்குக் கொழகொழப்பு. மூன்றாம் வாய்க்குள் தட்டு காலி. சேம்பு போன்ற கிழங்கை மசித்து உருட்டிப் பொரித்த உருண்டையும், கச்சான் தூளிலும் எள்ளுத் தூளிலும் புரட்டிய சுடச்சுட அரிசிமாப் பலகாரமும் இல்லத்தரசியாருக்குக் கிடைத்தன. “எங்கடை கொழுக்கட்டைக்கு அக்கா முறை” என்று அவர் தீர்ப்புக் கூறினார்.

சிறிது அப்பால் ஒரு நாற்றம் எழுந்தது. “இஞ்சருங்கோ, கான் உடைஞ்சிட்டுதோ?” என்று மூக்கைப் பொத்தினார் அவர். கானன்று, நாறும் தோஃபு. சோயா அவரைப் பாலைத் திரைத்துச் செய்த கட்டியைப் புளித்த நீரிலே ஊறவைத்துப் பொரித்து, புளிக்க வைத்த கோவாவோடு தருகின்றனர். ஊறவைக்கும் நீரிலே இறால் சேர்வதுண்டு என்று இல்லத்தரசியாரை அம்மையார் எச்சரித்தது, அவருக்குப் பெரும் உபகாரமாயிற்று. நாம் துணிந்தோம். வாயினுள்ளே மொறுமொறுப்பும் மென்மையுமாக மிக நன்றாயிருந்தது. கருவாடு பொரித்த வீட்டிலே பிறந்தவனுக்கு இதிலென்ன அச்சம்?

ஒவ்வொரு வண்டியிலும் வாங்குமுன் விற்பவரின் முகம் பார்த்து இரு வார்த்தை பேசுவது அம்மையாரின் வழக்கம். காலையில் அதனை வீண் பேச்சு என்று எண்ணினோம். இரவிலே நாமும் தைவான் மொழியில் நன்றி சொல்லப் பழகிக்கொண்டோம். எம் உச்சரிப்பைக் கேட்டு ஒரு கிழவி வயிறு குலுங்கச் சிரித்து, ஓர் உருண்டை கூடவே வைத்தாள்.

திரும்பும் வழியில், ஒரு சந்தினுள்ளே பேத்தோவனின் அந்தப் பழகிய மெட்டு ஒலித்தது. “பாண்காரன்!” என்று நாம் இருவரும் ஒரே குரலிற் கூவினோம். நம்மூரில் முச்சக்கர வண்டியிலே பாண் கொண்டு வருவோர் இசைக்கும் அதே மெட்டு! வந்ததோ மஞ்சள் நிறக் குப்பை லொறி. வீடுகளின் கதவுகள் திறந்தன. மக்கள் பைகளோடு வெளியே வந்து வரிசையில் நின்றனர். அம்மையாருக்கு விளக்கியபோது, சந்து அதிரச் சிரித்தார். அச்சமயம், இரு கைகளிலும் பைகளோடு ஒரு முதியவர் தள்ளாடி வந்தார். லொறியோ நகரத் தொடங்கியது. அம்மையார் குடையை எம் கையிலே திணித்துவிட்டு, அவரிடமிருந்து பைகளை வாங்கிக்கொண்டு ஓடினார். முழங்கால் வலியை அப்போது நாம் காணவில்லை.