கண்ணுக்கேற்ற கண்ணாடி

கணக்காசிரியனாகிய எனக்கு நாற்பத்து நான்காம் வயதில் வெள்ளெழுத்துத் தோன்றியது. நாளிதழைக் கைந்நீளத்திற்குத் தள்ளிப் பிடித்தாலன்றி எழுத்துகள் தெளிவுறவில்லை. மருத்துவரை நாடச் சோம்பினேன். எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாக் கடையில் கண்ணாடிகள் குவிந்து கிடந்தன. எழுத்தைப் பெரிதாகக் காட்டிய ஒன்றை, அதன் பொன்னிறச் சட்டத்தில் மயங்கி, வாங்கி வந்தேன். குறைந்த விலையில் குறை தீர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களை அக்கண்ணாடி அணிந்தே திருத்தினேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்தான். "ஐயா, என் விடை 48. தவறென்று குறித்திருக்கிறீர்களே" என்றான். பார்த்தேன், என் கண்ணுக்கு அது 43 ஆகவே தெரிந்தது. "பொய் சொல்லாதே" என்று கடிந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. தாளை மேசைமீதே விட்டுவிட்டுத் தலைகுனிந்து சென்றான்.

மாலையில் சாளரத்தின் வழியே விழுந்த வெயிலில் அத்தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஐயத்திற்கு இடமின்றி 48! என் உள்ளம் நடுங்கியது. உண்மை உரைத்த சிறுவனை அன்றோ பொய்யன் என்றேன்! மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் பாட்டிக்கும் கண் சரியாகத் தெரியாது, ஐயா" என்றான் அவன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றே கண் மருத்துவரிடம் சென்றேன்.

மருத்துவர் என் கண்களை நன்கு ஆராய்ந்தார். "ஐயா, கிட்டப்பார்வைக்குக் குழிவில்லை வேண்டும், தூரப்பார்வைக்கும் வெள்ளெழுத்துக்கும் குவிவில்லை வேண்டும். தங்களுக்கோ வேறொரு குறையும் உண்டு. தங்கள் கருவிழிகள் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருக்கவில்லை. ஆதலால் ஒரு திசைக் கோடுகள் தெளிவாகவும் மற்றொரு திசைக் கோடுகள் மங்கலாகவும் தெரிகின்றன. வெயிலில் கண்பாவை சுருங்குவதால் அக்குறை சற்றே மறைந்தது. இதற்கு உருளைவில்லை வேண்டும். ஆங்கில வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏரி தம் கண்ணில் இருந்த இக்குறைக்கு 1825 ஆம் ஆண்டளவில் இத்தகைய வில்லையைச் செய்வித்து அணிந்தார். கடைக் கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கும், இக்குறையைத் தீர்க்காது" என்றார்.

பின்னர் என் பணியைப் பற்றி வினவினார். கையிலுள்ள ஏட்டையும் கடைசி வரிசை மாணவனையும் மாறி மாறிப் பார்ப்பவன் என்றேன். அதற்கேற்ப, மேற்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி படிப்புக்குமாக அமைந்த இருகுவியக் கண்ணாடியைத் தேர்ந்தார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், உணவையும் எதிரே பேசுவோர் முகத்தையும் ஒரே கண்ணாடியால் காண முடிவதை 1785 இல் கடிதமொன்றில் வியந்து எழுதினார். அவர் பயன்படுத்தியதும் இவ்வகையே. படியிறங்கும்போது மட்டும் தலையைத் தாழ்த்தி மேற்பகுதி வழியாகப் பார்க்குமாறு மருத்துவர் எச்சரித்தார். கீழ்ப்பகுதியில் படிகள் மங்கலாகத் தெரியுமாம். ஓடியாடும் சிறுவர்க்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லையே ஏற்றது என்றும் கூறினார்.

மாணவர்களே! கண்ணாடியின் சட்டத்தை முகத்தின் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கலாம். வில்லையையோ கண்ணின் குறையும் செய்யும் தொழிலும் அறிந்தே தேர்தல் வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்ல நாணாதீர்கள். இன்றும் விடையொன்றைத் தவறென்று குறிக்குமுன் நான் ஒருகணம் நின்று மீண்டும் பார்க்கிறேன். அதனை எனக்குக் கற்பித்தவன் அச்சிறுவனே.