மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை: ஒரு லிட்டர் டீசலின் பயணம்

பெருநாள் விடுமுறையிலும் பள்ளிக்கூடங்கள் மூடும் கோடையிலும் நம் குடும்பங்கள் அதிகம் நாடிச் செல்லும் ஊர் எது என்று கேட்டால், உங்களில் பலர் தயங்காமல் உதகமண்டலம் என்பீர்கள். அங்குள்ள பூங்காவைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அந்த ஊருக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும் பழைய வண்டியைப் பற்றியும், அது வழியில் குடிக்கும் எண்ணெயைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு திருப்பமும் நம் மடியிலுள்ள பணத்தோடு பேசுகிறது. சில திருப்பங்கள் உயிரோடும் பேசுகின்றன. ஆகவே இம்முறை என்னோடு ஒரு பழைய டீசல் அம்பாசிடரில் ஏறிக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே மலையேறுவோம்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு நிறுத்தம்

பவானி ஆற்றங்கரையில், பாக்கு மண்டிகளும் உருளைக்கிழங்கு மண்டிகளும் நிறைந்த ஊர் மேட்டுப்பாளையம். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 325 மீட்டர். உதகையோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சாலை தூரம் ஏறத்தாழ 51 கிலோமீட்டர். இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேட்டால், உரிமையாளர் ஒன்று சொல்வார், ஓட்டுநர் ஒன்று சொல்வார், விற்க வந்தவர் மற்றொன்று சொல்வார். உண்மையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. டேங்கை வாய்வரை நிரப்புங்கள். மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்ததும் மீண்டும் வாய்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான கணக்கு. ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் நான்கைந்து தடவை பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீட்டரே பொய் சொல்லும்! தேய்ந்த டயர், மாற்றிப் போட்ட வேறு அளவு டயர் ஆகியவற்றால் ஓடாத தூரமும் ஓடியதாகக் கணக்கில் ஏறிவிடும். இதைச் சோதிக்கச் சாலையோரக் கற்களே போதும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலையோடு நிற்கும் கிலோமீட்டர் கற்களில் ஒன்றிலிருந்து பத்தாவது கல் வரை ஓட்டிப் பாருங்கள். மீட்டரும் பத்து காட்டினால் நம்பலாம்.

புதிய வண்டி விளம்பரங்களில் காணும் மைலேஜ், பூனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஆய்வு நிலையங்களில் உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி அளந்து பெறப்படுவது. அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கூரைமேல் கட்டிய மூட்டை இல்லை, பின்னிருக்கையில் நெருக்கி அமர்ந்த நான்கு பேரும் இல்லை. ஆகவே ஆய்வகத்தின் எண் வேறு, நம் குடும்பத்தின் எண் வேறு.

கல்லாறு தாண்டியதும்

கல்லாற்றில் பாக்குத் தோப்புகளின் நிழல் முடியும் இடத்தில் மலை தொடங்குகிறது. இங்கிருந்துதான் மலை ரயிலும் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் அமைந்த பாதை அது. பன்னிரண்டு அடி முன்னே சென்றால் ஓர் அடி உயரும் செங்குத்தான சரிவுகள் அதில் உண்டு. பல்சக்கரம் இல்லாமல் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். நம் அம்பாசிடருக்குப் பல்சக்கரம் இல்லை. அதற்கு உள்ள பற்களெல்லாம் கியர் பெட்டியில்தான். ஓட்டுநர் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கும், கொண்டை ஊசி வளைவில் ஒன்றுக்கும் இறங்குகிறார். 1489 சி.சி. டீசல் என்ஜின் முனகத் தொடங்குகிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆறு பேரும் பைகளும் சேர்ந்து ஏறத்தாழ 1,550 கிலோ. அதை 1,900 மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரத்திற்குத் தூக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஆற்றல் நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. சக்கரத்திற்கு வந்து சேர்வது கால் பங்கு அளவுதான். இந்தக் கால் பங்கை வைத்துக் கணக்கிட்டால், மலையின் உயரத்திற்காக மட்டும் மூன்று லிட்டருக்கு மேல் டீசல் தேவை. சமவெளியில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். 51 கிலோமீட்டருக்கு வழக்கமாக நான்கேகால் லிட்டர் செலவாகும். அதோடு இந்த மூன்றும் சேர்ந்து ஏழரை லிட்டரை நெருங்குகிறது. அதாவது லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூட வராது!

“வண்டி எண்ணெயைக் குடிக்கிறது, பழுதாகிவிட்டது” என்று யாரும் பதற வேண்டாம். குடிப்பது வண்டியன்று, மலை. பாரம் குறைந்தால் இந்தச் செலவும் குறையும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் பயணத்திற்கு ஒரு வாரத்துச் சாமான்களைக் கட்டினால், அத்தனையையும் 1,900 மீட்டர் தூக்குவது உங்கள் பணம்தான்.

காற்று மெலியும் இடம்

குன்னூருக்கு வரும்போது உயரம் சுமார் 1,850 மீட்டர் ஆகிவிடுகிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி இங்கே முடிந்துவிட்டது. அருவங்காடு, கேத்தி என்று பச்சைப் பள்ளத்தாக்குகளைப் பார்த்தபடி செல்லும் நமக்குத் தெரியாத ஒரு மாற்றம் என்ஜினுக்குத் தெரிகிறது. உதகையின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. பழைய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் என்ற பாகம்தான் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிறது. காற்று மெலிந்துவிட்டது என்பதை அது அறியாது. சமவெளியில் பழகிய கையாகவே பெட்ரோலை ஊற்றுகிறது. விளைவு என்ன? எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியேறுகிறது, பிளக்கில் கரி படிகிறது, மைலேஜ் சரிகிறது. பழைய டீசல் வண்டியும் அழுத்தி மிதித்தால் அங்கே கரும்புகை கக்கும். இன்றைய வண்டிகளில் காற்றை அளக்கும் மின்னணுக் கருவி இருப்பதால் அவை தாமாகவே அளவைத் திருத்திக்கொள்கின்றன. பழைய வண்டிக்கு அந்தக் கருவி ஓட்டுநரின் பாதம்தான். மென்மையாக மிதிக்கும் பாதத்திற்கு மலையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது.

இறக்கத்தில் இருக்கும் ஆபத்து

ஏறும்போது செலவழித்ததை இறங்கும்போது திரும்பப் பெற்றுவிடலாம் என்று எண்ணுவோர் பலர். ஓரளவு உண்மைதான். இறக்கத்தில் இரண்டு லிட்டர் போனாலே அதிகம். ஆயினும், ஏற்றத்தில் தூக்கிய ஆற்றலில் ஒரு பகுதி பிரேக்கின் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு எங்கே போகிறது என்பதை நான் பர்லியாறில் கண்டேன்.

பழ மரங்கள் அடர்ந்த அந்த நிறுத்தத்தில் தேநீர் குடிக்க இறங்கியிருந்தோம். ஒரு பழைய டாட்டா சுமோ வந்து ஓரமாக நின்றது. நிக்காஹ் வீட்டுக் கூட்டம். பெண்களும் கைக்குழந்தைகளுமாகப் பத்துப் பேர். முன் சக்கரங்களிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது, கருகிய வாடை வீசியது. இளம் ஓட்டுநர் வாளித் தண்ணீரோடு சக்கரத்தை நோக்கி ஓடினார். எங்கள் வண்டியை ஓட்டி வந்த பெரியவர், மேட்டுப்பாளையத்துக்காரர், அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தண்ணி ஊத்தாதே தம்பி, இரும்பு விரிஞ்சு போகும். தானா ஆறட்டும். எந்த கியர்ல இறங்குனே?”

“நியூட்ரல்ல பாய். சில இடத்துல சாவியையும் நிறுத்திட்டேன். டீசல் மிச்சமாகுமில்ல?”

“எவ்வளவு மிச்சமாகும்?”

இளைஞரிடம் விடை இல்லை. பெரியவர் கோபிக்கவில்லை. “ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர்தான். இத மறக்காதே” என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கு பிஸ்கட் வாங்கப் போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு நாமே விடை காண்போம். நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இத்தகைய டீசல் என்ஜின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். உதகையிலிருந்து இறங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வழியெல்லாம் என்ஜினை அணைத்தே இறங்கினாலும் மிச்சமாவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு லிட்டர். பத்து உயிர்களுக்கு எதிராகத் தராசில் வைக்கப்படுவது இவ்வளவுதான்!

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. வண்டியைக் கியரில் வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. அப்போது டீசல் பம்பிலுள்ள கவர்னர், எண்ணெயைப் பெரும்பாலும் நிறுத்தியே விடுகிறது. நியூட்ரலில் இறங்கினாலோ, என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். ஆக, சிக்கனம் என்று எண்ணிச் செய்வது உண்மையில் சிக்கனமும் அன்று. கியர்தான் சிக்கனம், கியர்தான் பாதுகாப்பு.

சாவியை அணைப்பதில் வேறு கேடுகளும் உள்ளன. பிரேக்குக்கு வெற்றிட உதவி உள்ள வண்டிகளில் இரண்டு மூன்று முறை மிதித்ததும் அந்த உதவி தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லைப்போல் இறுகிவிடும். சாவியை முழுவதும் திருப்பிவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் அங்கே நேர்ந்த விபத்துகளால்தான் வெளியூர் வண்டிகளுக்கு அவ்வழியில் கட்டுப்பாடுகள் வந்தன. மலைச்சாலைகளில் “இரண்டாம் கியரில் செல்லவும்” என்று எழுதி வைத்திருப்பது அலங்காரத்திற்காக அன்று.

உண்மையான சிக்கனம் எங்கே?

அப்படியானால் பழைய வண்டி வைத்திருப்போர் எண்ணெயை மிச்சப்படுத்தவே முடியாதா? முடியும். அதற்கான இடம் இறக்கம் அன்று, நம் வீட்டு வாசல். டயரில் காற்றைச் சரியான அளவில் வையுங்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எண்ணெய் தின்னும். சிறிது தூரம் ஓடிய பின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பிரேக் உராய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்யுங்கள். மூட்டை இல்லாத நாளில் கூரைக் கேரியரைக் கழற்றி வையுங்கள். சமவெளியில் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று 1978-இல் ஏற்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்து மலையேறும் அம்பாசிடரில் ஆறு பேர் இருந்தால், ஒரு லிட்டர் 42 ஆள்-கிலோமீட்டர் தருகிறது. அதே மலையில் 12 கொடுக்கும் புதிய காரில் இருவர் மட்டும் சென்றால் 24 தான். அரசுப் பேருந்து மலையில் லிட்டருக்கு மூன்றே கிலோமீட்டர் கொடுத்தாலும், ஐம்பது பேர் அமர்ந்தால் 150! வண்டியின் வயதைவிட, அதில் காலியாகக் கிடக்கும் இருக்கைதான் பெரிய வீண்விரயம். இரண்டு குடும்பங்கள் தனித்தனி வண்டியில் செல்வதற்குப் பதில் ஒரே வண்டியில் செல்வதும், இயன்றவர் பேருந்தில் செல்வதும் மலைக்கும் நல்லது. அந்த மலை இப்போதே வண்டிகளால் திணறுகிறது. வருவோர் இ-பாஸ் பெற்றே வர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதனால்தான்.

பழைய வண்டியைப் புகழ்வது என் நோக்கமன்று. அம்பாசிடர் உருவான உத்தரபாராத் தொழிற்சாலை 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. சுமோவின் உற்பத்தியும் 2019-இல் முடிந்தது. எஞ்சியிருப்பவையும் ஒருநாள் ஓய்வு பெறும். அதுவரை அவை நம் உம்மாவையும் வாப்பாவையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு மலையேறி இறங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை மலைப்பயணத்திற்கு வண்டி பேசும்போது, “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இறக்கத்தில் எந்த கியரில் இறங்குவீர்கள்?” என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் விடையைப் பொறுத்து முன்பணத்தைக் கொடுங்கள்.