அடுப்புக்கு ஏது விடுமுறை?

சூன் திங்களில் பள்ளி திறந்ததும் ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. கரும்பலகையிலே, "கோடை விடுமுறையை எங்ஙனம் கழித்தேன்?" என்று தலைப்பு எழுதிப் போடுவது! பிள்ளைகள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும் நேரத்தில், வருகைப் பதிவேட்டைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு. (தொழில் மறைபொருள் இது, வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

இவ்வாண்டும் எழுதச் சொன்னோம். ஆண்பிள்ளைகள் நான்கு பக்கம் எழுதினர். ஏரியிலே மீன் பிடித்தது, மாந்தோப்பிலே காவற்காரரிடம் அகப்பட்டது, கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தது என்று வீரக்காவியங்கள்! பெண்பிள்ளைகள் நான்கு வரி எழுதினர். "வீட்டில் அம்மாவுக்கு உதவி செய்தேன். தம்பியைப் பார்த்துக்கொண்டேன். பாட்டி ஊருக்குப் போனோம். அங்கேயும் அம்மாவுக்கு உதவி செய்தேன்."

"விரிவாக எழுதுக" என்று சிவப்பு மையால் குறித்தோம். குறித்த கை கூசிற்று, தோழர்களே! ஏனெனில், ஒரு திங்களுக்கு முன்புதான் நாங்களும் குடும்பத்தோடு ஒரு விடுமுறை கழித்துவிட்டு வந்திருந்தோம். அதே தலைப்பைக் கொடுத்து எங்கள் அன்னையாரை எழுதச் சொன்னால் எத்தனை வரி எழுதியிருப்பார் என்ற எண்ணம் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது.

ஓமலூரை அடுத்த சிற்றூர் எங்களுடையது. தந்தையார் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அண்ணன் தம்பியாக நாங்கள் இருவர். பதினேழு வயதில் ஒரு தங்கை. எண்பதைத் தொடும் பாட்டி. எங்கள் வீட்டிலே பயணம் என்றால் மூன்றே வகை. திருமணம், இழவு, குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு! ஊரைப் பார்ப்பதற்கென்றே ஊருக்குப் போவது என்னும் வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. அந்தப் பரம்பரையை உடைப்பது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். வேண்டுதல் இல்லை, மொட்டை இல்லை; மூன்று நாள் ஒகேனக்கல்!

"எந்தச் சாமிக்குடா இந்தப் பயணம்?" என்றார் பாட்டி.

"சாமிக்கு இல்லை ஆயா. காவிரியைப் பார்க்கத்தான்."

"அதுவும் சாமிதானே" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்து இடுப்பிலே செருகிக்கொண்டார். வாதத்தில் வென்றது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஆளுக்கொரு துணிப்பை எடுத்தோம். அன்னையார் ஒரு சமையற்கட்டையே மூட்டை கட்டினார்! சிறிய அடுப்பு, அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய்த் தூக்கு, பாட்டிக்கு இஞ்சி, தந்தையாருக்குத் தனியாகக் காப்பித்தூள். வெளியில் கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது தந்தையாரின் கட்டளை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறினார் அன்னையார், ஐந்து மணிக்கு எழுந்த நாங்கள், "ஆகா, பயணம் என்றாலே புளிச்சோற்று மணந்தான்!" என்று மகிழ்ந்தோம். மகிழ மட்டுமே செய்தோம்.

தொப்பூர்க் கணவாய், தருமபுரி, பென்னாகரம். அதற்கப்பால் காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலை. இறங்கிய இடத்திலேயே குரங்கொன்று தங்கையின் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்து எங்களை வரவேற்றது.

கன்னடத்திலே 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல், ஒகேனக்கல். பாறைகளுக்கு இடையே பல கூறாகப் பிரிந்து விழும் காவிரி, தூளாகிப் புகையாகி மேலெழும்பும் காட்சியைக் கண்டவர்கள், பெயரிட்டவன் பொய்யனல்லன் என்பார்கள். கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறை இங்குண்டு என்பர் நிலநூலார். எங்களுக்கோ இந்தத் தண்ணீரைப் பார்த்தவுடன் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளின் பற்கள் நினைவுக்கு வந்தன. நிலத்தடி நீரிலே ஃபுளோரைடு மிகுந்து, தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் பழுப்பேறிய பற்களோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. இதே ஆற்றிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. எந்த நோன்பும் வெளுக்காத பல்லைக் குழாயும் பொறியியலும் காக்க முன்வந்தன. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "நல்லதுதானே கண்ணு" என்றார், வாதிடவில்லை.

முதல் நாள் நாங்கள் இருவரும் தந்தையாரும் கிளம்பினோம். பாறைகளின்மேல் தாவினோம், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியிடம் உடம்பை ஒப்படைத்து, எலும்பெல்லாம் இடம்மாறிவிட்டனவோ என்று அஞ்சுமளவுக்குப் பிசையப்பட்டோம், அருவியின் கீழ் நின்று முதுகிலே அடி வாங்கினோம். பரிசல் ஏறினோம். மூங்கிற்பிளாச்சால் பின்னிய வட்டக்கூடை அது. முன்னாளில் எருமைத்தோல் போர்த்தினர். இந்நாளில் ஞெகிழித்தாளும் தாரும். இருபுறமும் செங்குத்தாகக் கற்சுவர், நடுவே பச்சை நீர். பரிசற்காரர் துடுப்பை ஒருமுறை அழுத்திச் சுழற்றினார். வானமும் பாறையும் தண்ணீரும் ஒன்றையொன்று துரத்தின. சிறுவர்போல் கத்தினோம். தந்தையாரும் கத்தினார்! முப்பதாண்டு வரவு செலவு எழுதிய அந்த மனிதர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

பசியோடு விடுதி அறைக்குத் திரும்பினோம். வாசலிலேயே நின்று, "அம்மா, சோறு ஆயிற்றா?" என்றோம்.

ஆகியிருந்தது. இரண்டாம் நாளும் ஆகியிருந்தது.

அன்று இரவு, பாய் விரித்துப் படுத்தபின், தங்கை மெல்லக் கேட்டாள்: "அண்ணா, அருவி எப்படியிருக்கும்?"

"ஏன், நீதான் பார்த்தாயே!"

"நான் சாலையிலிருந்து பார்த்தேன். அம்மா அதுகூடப் பார்க்கவில்லை. சன்னலைத் திறந்தால் சத்தம் கேட்கிறது என்றார்கள். அவ்வளவுதான்."

இருட்டிலே எங்கள் முகம் அவளுக்குத் தெரியவில்லை, நல்லதாயிற்று. வயதுவந்த பெண் ஆற்றிலே இறங்குவதா என்று தந்தையார் தடுத்தபோது நாங்கள் வாய் திறக்கவில்லை. படிப்பகத்து ஆண்டுவிழாவிலே, பெண்ணுரிமை பற்றி எங்களில் ஒருவர் அரைமணி நேரம் முழங்கியதுண்டு. கைதட்டல் வாங்கி வீட்டுக்கு வந்து, "அம்மா, காப்பி" என்றதும் உண்டு. ஒகேனக்கல் போனோம், குளித்தோம், களித்தோம் என்று நண்பர்களிடம் சொல்லவிருந்தோமே, அந்த 'போனோம்' என்பதிலே யார் யார் சேர்த்தி? மூவர் ஆடினோம், மூவர் அறைக்குள்ளே கிடந்தனர். இடம் மாறிற்று, அடுப்பு மாறவில்லை.

மூன்றாம் நாள் காலை அடுப்பைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். "வயிறு கெட்டால் மருந்து உண்டு அப்பா" என்று தந்தையாரிடம் சொன்னோம். அவர் எதுவும் சொல்லவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டார்.

மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே மசாலா தடவிப் பொரித்தும் குழம்பு வைத்தும் கொடுக்கின்ற பெண்கள் அங்கு உண்டு. புகைக்கு நடுவே விறகடுப்பு, பக்கத்திலே அரிவாள்மணை. அன்னையார் ஒரு கல்லின்மேல் அமர்த்தப்பட்டார். ஆம், அமர்த்தப்பட்டார் என்றே சொல்லவேண்டும், இரண்டு முறை எழுந்து, "வெங்காயம் நான் நறுக்கித் தரட்டுமா?" என்று கேட்டார். வேலையில்லாத கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சேலை முந்தானையை மடித்தார், பிரித்தார், மீண்டும் மடித்தார்.

பிறகு கேட்டார்: "ஏம்மா, இதுக்கு உனக்கு என்ன கொடுப்பாங்க?"

"கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்கு அக்கா. மசாலா தனி, விறகு தனி, என் கைக்கூலி தனி."

"கைக்கூலி தனியா?"

"பின்னே? வேலைதானே அக்கா!"

அன்னையார் சிரித்தார். சிரித்துவிட்டு விரல் மடக்கி ஏதோ எண்ணினார். முப்பத்தோராண்டு இல்லறம், நாளொன்றுக்கு மூன்று வேளை, ஆறு வயிறு. எந்த இடத்தில் எண்ணுவதை நிறுத்தினார் என்று தெரியாது. பக்கத்தில் அமர்ந்திருந்த கணக்கர், எங்கள் தந்தையார், முள் எடுப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

பரிசலில் அன்னையாரையும் தங்கையையும் ஏற்றினோம். மிதவைச் சட்டை மாட்டியதும் தங்கை கலகலவென்று சிரித்தாள். அன்னையார் விளிம்பைப் பற்றிக்கொண்டு நீரையே பார்த்தபடி வந்தார். பரிசற்காரர், "சுத்தட்டுமா அம்மா?" என்றார். நாங்கள், வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும் முன், "சுத்துப்பா" என்றார் அன்னையார்!

திரும்பி வந்து, குளிப்பதற்கென்று ஒதுக்கிய ஆழமில்லாத துறையிலே இறங்கினோம். இடுப்பளவு நீர். அன்னையார் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு மெல்ல இறங்கினார்; மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டுக் கரையேறுவார் என்று நினைத்தோம். அவரோ மல்லாந்து படுத்தார், நீரின்மேல்! கைகள் இரண்டும் மீனின் துடுப்புபோல் மெல்ல அசைந்தன. கால்கள் நீரை உதைத்தன. பத்தடி போனார், திரும்பினார், கவிழ்ந்து நீந்தினார். தங்கை வாய்பிளந்து நின்றாள். நாங்கள் வயிற்றிலே பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்குத் தெரியாது! தந்தையார் முப்பத்தோராண்டு உடன் வாழ்ந்தவர், அவருக்கும் தெரியாது!

"எங்கம்மா கற்றீர்கள்?"

"எங்க ஊர்க் கிணத்திலதான். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி எங்கப்பன் தள்ளிவிட்டார். பன்னிரண்டு வயசு வரைக்கும் பையன்களோடு பந்தயம் விடுவேன். வயசுக்கு வந்தப்புறம் விடலை."

"எங்களிடம் சொன்னதே இல்லையே!"

"நீங்க கேட்டதே இல்லையே கண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. குற்றம் சாட்டும் குரலில்கூட அவர் சொல்லவில்லை.

நீந்தத் தெரிவது வெறும் விளையாட்டன்று, தோழர்களே. 1959இல் ஆரத்தி சாகா என்னும் வங்கப்பெண் பத்தொன்பதாம் வயதில் இங்கிலீசுக் கால்வாயை நீந்திக் கடந்தபோது, ஆசியப் பெண்களுள் முதல்வர் என்று நாடு கொண்டாடிற்று. கொண்டாடிய நாட்டிலே எத்தனை வீடுகளில் பெண்ணைக் கிணற்றிலே இறங்க விட்டார்கள்? 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர்ப் பகுதியில் மாண்டவர்களுள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. காரணங்கள் பல கூறினர் ஆராய்ந்தவர்கள். நீந்தவும் மரமேறவும் பெண்களுக்குக் கற்பிக்காதது அவற்றுள் ஒன்று. அடக்கம் என்று நாம் பெயரிட்டது அலைக்கு முன்னே கைகொடுக்கவில்லை.

துறையிலே அன்று தந்தையார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அவரையும் நீரையும் மாறி மாறிப் பார்த்தாள். நெடுநேரம் கழித்து, "துண்டை இப்படிக் கொடு, நனைந்துவிடப் போகிறது" என்று கைநீட்டினார். அவரிடமிருந்து வந்த ஆணை அவ்வளவே. தங்கை குதித்த குதிப்பிலே அவருடைய வேட்டியும் நனைந்தது.

ஊர் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் எங்களுடையது என்று அறிவித்தோம். முதல் ஞாயிறு சோறு குழைந்தது. இரண்டாம் ஞாயிறு புளி கூடிற்று. பாட்டி இன்னும் முணுமுணுக்கிறார். நாங்கள் அடுப்படியில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கையில் அன்னையார் எட்டிப் பார்த்து, "மசாலா தனி, விறகு தனியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

தங்கைக்கு நீச்சல் பழக்கக் கிணறு தேடினோம். அன்னையார் கற்ற கிணறு வற்றிப் பல ஆண்டுகளாகி, முள்மரம் முளைத்துக் கிடக்கிறது. மாமா தோட்டத்துக் கிணற்றிலே படிக்கட்டு மூழ்க நீர் இருக்கிறது. சென்ற ஞாயிறு சமையலை முடித்துவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தங்கையின் இடுப்பிலே பழைய சக்கரக் குழாய் கட்டியிருந்தது. அன்னையார் கழுத்தளவு நீரில் நின்று கைகளை விரித்திருந்தார். தங்கை மேற்படியில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"தள்ளிவிடட்டுமா?" என்றோம்.

"வேண்டாம். அவளே குதிக்கட்டும்" என்றார் அன்னையார்.