வீட்டுக்கு ஒரு மேற்சட்டை

றொக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, பரந்த புல்வெளியின் விளிம்பில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,400 அடி உயரத்தில் அமைந்துள்ளது கல்கரி நகரம். போ ஆற்றங்கரையில் வளர்ந்த இந்நகர் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மிகப் பெரியது. 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 13 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இங்கு வாழ்கின்றனர். 2025 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், என் தமக்கையின் மகனுடைய வீட்டில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மலையையும் பனியையும் காணவே சென்றேன். ஆனால் அங்கு நான் அதிகம் பார்த்தது ஒரு வீட்டின் சுவரைத்தான்.

விமான நிலையத்திலிருந்து வீடு சேர்ந்தபோது வெளியே உறைநிலைக்குக் கீழ் 28 பாகைக் குளிர். வாசலில் இறங்கியதும் மேற்குச் சுவரைக் கண்டு திடுக்கிட்டேன். யாரோ கூடை கூடையாகக் கல்லெறிந்தது போல அது எங்கும் துளைபட்டிருந்தது. துளைகளின் மேல் பொலித்தீன் தாளை இழுத்து ஒட்டியிருந்தார்கள்.

எறிந்தது வானம். 2024 ஆகஸ்ட் 5 ஆம் திகதி மாலை பெய்த ஆலங்கட்டி மழை நகரின் வடபகுதியைச் சிதைத்துவிட்டது. காப்புறுதி நிறுவனங்களுக்கு மட்டும் ஏற்பட்ட இழப்பு 280 கோடி டொலர் வரை என்று அப்போது மதிப்பிட்டனர். 2020 ஜூன் 13 ஆம் திகதியும் இதே நகரில் இத்தகைய மழை பெய்து, 120 கோடி டொலர் அளவுக்குச் சேதம் விளைத்திருந்தது.

நமது வீடுகளின் சுவர் கல்லும் சீமெந்தும். அங்கோ வீட்டின் எலும்பு மரம். மரச்சட்டங்களின் இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, உட்புறத்தில் நீராவி புகாத தாளும், வெளிப்புறத்தில் மரத்தகடும் மழைநீரைத் தடுக்கும் உறையும் போர்த்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அணிவிக்கும் மேற்சட்டைதான் நம் கண்ணுக்குத் தெரியும் சுவர். குளிரைத் தடுப்பது உள்ளேயிருக்கும் பஞ்சு. மேற்சட்டையின் வேலை மழையையும் காற்றையும் அடியையும் தாங்குவது. அது கிழிந்தால் ஈரம் உள்ளே சென்று மரத்தை உக்கச் செய்யும்.

இந்த மேற்சட்டைக்கு அங்கு பெரிதும் பயன்படும் பொருள்கள் இரண்டு. ஒன்று வினைல் என்னும் பிளாஸ்டிக்குப் பலகை. மற்றது நார்ச் சீமெந்துப் பலகை. பின்னது நம் ஊர்க் கூரைகளில் உள்ள அஸ்பெஸ்டஸ் தகட்டுக்கு உறவுதான். சீமெந்துக் கூழில் நாரைக் கலந்து தகடாக்கும் முறையைச் சுமார் 1900 ஆம் ஆண்டளவில் கண்டவர் ஒஸ்திரியா நாட்டு லுட்விக் ஹாட்செக். அஸ்பெஸ்டஸ் நுரையீரலுக்கு நஞ்சென்று தெளிந்தபின், அதனிடத்தில் மரக்கூழின் நாரைச் சேர்க்கலாயினர்.

நான் முப்பது ஆண்டு ஓவசியராகக் கடமையாற்றியவன். ஆகவே மருமகன் முதல் இரவே கேட்டுவிட்டான்.

"மாமா, காப்புறுதிக்காரர் பழையபடி வினைல் போடத்தான் காசு தருவினம். நார்ச் சீமெந்து என்றால் மிச்சக் காசு என்னுடையது. வினைலைப் போட்டால் நாலு பேரும் ஆடியிலை ஊருக்கு வரலாம். மற்றதைப் போட்டால் இந்த வருஷம் வர ஏலாது. என்ன செய்யட்டும்?"

ஊரில் என் தமக்கைக்கு வயது 81. சின்னப் பேரனை அவர் இன்னும் நேரில் கண்டதில்லை. "பொறு தம்பி, முதலில் சுவரைப் பார்ப்போம்" என்றேன்.

மூன்றாம் நாள் மேற்கு வானில் வில்லைப் போல ஒரு முகில் வளைவு தோன்றிற்று. "சினூக் வருகுது" என்று பிள்ளைகள் கூவினர். பசிபிக் கடலிலிருந்து வரும் காற்று மலையின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தை உதிர்த்துவிட்டு, வறண்ட காற்றாய் இப்பக்கம் இறங்கும்போது வெப்பமடைகிறது. சில மணி நேரத்தில் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் உயர்வதுண்டு. பிற்பகல் கூரைப் பனி உருகிச் சொட்டியது. அப்போது தெற்குச் சுவரிலிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஓசை எழுந்தது. வினைல் பலகைகள் வெப்பத்தில் நீண்டு நகரும் ஓசை அது. 12 அடிப் பலகை ஒன்று கோடைக்கும் மாரிக்குமிடையில் அரை அங்குலம் வரை நீண்டு குறுகும். ஆதலால் அதை இறுக்கி ஆணியடிக்கக் கூடாது. துளையின் நடுவில் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். இறுக்கினால் வெயிலில் நெளியும்.

வினைலின் நன்மைகளை மறைப்பதற்கில்லை. விலை குறைவு. பாரம் குறைவு. நீரை உறிஞ்சாது, வர்ணம் பூச வேண்டியதில்லை. ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனால் கடுங்குளிரில் அது முறுகிப் பந்தடிக்கும் உடையும். நெருப்பில் உருகும். 2007 ஜூலையில் எட்மன்டன் நகரில் கட்டி முடியாத மாடி வீடொன்றில் பற்றிய தீ அயல் வீடுகளுக்குத் தாவியது. பின்னர் 2009 இல் அம்மாகாணம் நெருக்கமான வீடுகளுக்கான கட்டிட விதிகளைக் கடுமையாக்கியது. மருமகனின் வடக்குச் சுவருக்கும் அயல் வீட்டுக்கும் இடையில் இரண்டு பேர் தோளொட்டி நடக்கத்தான் இடமுண்டு.

நார்ச் சீமெந்து தீப்பற்றாது. ஆலங்கட்டியையும் பெரும்பாலும் தாங்கும். ஆயினும் அது கவனத்தை வேண்டும் பொருள். 100 சதுர அடிக்கு 230 இறாத்தலுக்கு மேல் நிறை. தூக்க இருவர் வேண்டும். அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சில ஆண்டுகளுக்கொருமுறை வர்ணம் பூச வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், அது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் இரவில் உறைந்து பகலில் உருகினால் பலகை ஏடேடாகப் பிரியும். சினூக் வீசும் ஊரில் இது ஒரே மாரியில் பலமுறை நிகழக்கூடியது. எனவே அறுத்த முனைகளுக்கெல்லாம் வர்ணம் பூசி, தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்தி, பின்புறம் காற்றோட இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். நல்ல பொருளும் கெட்ட வேலையாளிடம் அகப்பட்டால் வீண்தான்.

நாங்கள் வீட்டை நாலு முறை சுற்றி வந்தோம். ஆலங்கட்டி காற்றோடு சாய்ந்து விழுந்தபடியால் மேற்கும் வடக்குமே சிதைந்திருந்தன. கிழக்கும் தெற்கும் பழுதின்றி நின்றன.

"நாலு சுவருக்கும் ஏன் ஒரே சட்டை? அடி விழும் மேற்குக்கும், அயல் வீட்டை அண்டிய வடக்குக்கும் நார்ச் சீமெந்து போடு. மற்ற இரண்டும் இருக்கட்டும். தெற்கில் ஆணியை மட்டும் தளர்த்து" என்றேன்.

கணக்குப் பார்த்ததில் சேமிப்பில் பாதி மிஞ்சிற்று. வைகாசியில் வேலை முடிந்தது. ஆடியில் அவனும் மூத்தவளும் மட்டும் ஊருக்கு வந்தனர்.

"சின்னவன் எங்கை?" என்று கேட்டார் தமக்கை. மருமகன் கைத்தொலைபேசியில் சுவரின் படத்தைக் காட்டி, "அவன்ரை ரிக்கற் காசு இதிலை இருக்குது, அம்மா" என்றான். தமக்கை படத்தை நெடுநேரம் பார்த்தார். "பிள்ளை நனையாமல் படுக்கட்டும். அடுத்த வருஷம் கூட்டி வா" என்றார். ஆனால் அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை.

நான் சொன்ன ஆலோசனை தொழில் முறையில் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தச் சுவரின் விலையைக் கணக்கிட்டபோது 81 வயதை நான் சேர்க்கவில்லை. குளிர்நாட்டில் வீடு கட்டும் நம் பிள்ளைகள் காற்று எப்பக்கம், அயல் வீடு எவ்வளவு தூரம், வேலையாள் எப்படி என்று ஒவ்வொரு சுவரையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்யட்டும். அந்தக் கணக்கில் ஊரில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.