பழைய இயந்திரமும் பழைய மாணவரும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியரிடமிருந்து வருவது புணர்ச்சி விதி பற்றியோ புராண படனம் பற்றியோ இருக்கும் என்றே எண்ணியிருப்பர். நாமும் அவ்வாறே எண்ணித்தான் தாளை விரித்தோம். ஆயினும், சென்ற ஆண்டில் எமக்கு நேர்ந்த ஓர் அனுபவம் எழுதுகோலை மறித்து நின்றது. அஃது இலக்கணத்தைப் பற்றியதன்று, இரும்பைப் பற்றியது. பழைய வெல்டிங் இயந்திரம் ஒன்றைக் குறைந்த காசில் வாங்கப் புறப்பட்டு நாம் பட்ட பாட்டையும் பெற்ற பாடத்தையும் ஈண்டு எழுதுகின்றோம். இத்துறையிற் புதிதாகக் கால்வைக்கும் மாணவர்க்கு இது சிறிதேனும் பயன்படுமாயின் மகிழ்வோம்.

எமது மகன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவிற் பயின்றவன். 2013ஆம் ஆண்டில் அப்பிரிவு நம் நாட்டுப் பாடசாலைகளில் தொடங்கப்பெற்றபோது, ஆசிரியர் அறையில் அதனை எள்ளி நகைத்தவருள் நாமும் ஒருவர். அந்த நகைப்பு எமது வீட்டுக்கே திரும்பி வந்தது. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் அவன் அயலூரிலுள்ள வெல்டிங் பட்டறையொன்றிற் பழகச் சென்றான். அப்பட்டறைக்காரர் யாரென்று நாம் விசாரிக்கவில்லை. விசாரிக்க விரும்பவில்லை என்பதே உண்மை. ஒருநாள் இராச்சாப்பாட்டின்போது, "அப்பா, எனக்கு ஒரு ரிக் மெசின் வேணும்" என்றான். நாம் ஒன்றும் பேசாது கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டோம். மூன்று நாள் வீட்டிற் பேச்சில்லை. நான்காம் நாள், "அது என்ன மெசின்?" என்று நாமே கேட்கவேண்டியதாயிற்று.

அவன் விளக்கியதை அறிந்த அளவிற் கூறுகின்றோம். சாதாரண வெல்டிங்கிற் கையிலுள்ள கம்பியே மின்வாயாகி உருகிக் கரையும். ரிக் முறையிலோ மின்வாய் தங்குதன் ஊசியாகும். தங்குதன் உருகுவதற்கு 3,422 பாகை சதமளவு வெப்பம் வேண்டும். ஆதலின் அது எளிதிற் கரைவதில்லை. ஊசிநுனியில் எழும் மின்வில் உலோகத்தை உருக்க, ஆகன் என்னும் சடத்துவ வாயு அதனைச் சூழ்ந்து நின்று ஒட்சிசன் அணுகாது காக்கும். மற்றக் கையாற் கம்பியைச் சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நோத்றொப் விமான நிறுவனத்தில், மகனீசியத்தை ஒட்டும் தேவை பற்றி றசல் மெறிடித் என்பவர் இம்முறையை உருவாக்கினார். அன்று அவர் கையாண்ட வாயு ஈலியம். மெல்லிய கறையில் உருக்குக் குழாய்களைத் துளைபடாமல், அழகு கெடாமல் ஒட்டுதற்கு இன்று உலகெங்கும் இம்முறையையே நாடுகின்றனர்.

எம்மிடம் இருந்தது சீட்டுக் கட்டிச் சேர்த்த சிறு தொகை. புதிய இயந்திரத்துக்கு அது எட்டாது. யப்பானிலிருந்து பழைய பொருள்களை இறக்கி விற்கும் கடையொன்றில் இத்தகைய இயந்திரம் இருப்பதாகக் கேள்வியுற்று மகனுடன் சென்றோம். நீல நிறம், ஆளின் இடுப்பளவு உயரம், தூக்க நால்வர் வேண்டும். விலையோ நாம் அஞ்சியதிற் பாதி. "யப்பான் சாமான், பேரப்பிள்ளை காலம் வரை உழைக்கும்" என்றார் கடைக்காரர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். நாம் விலைகொடுத்து வாங்கும் மாட்டையும் பாராது முற்பணத்தை எண்ணத் தொடங்கினோம். மகன்தான் தடுத்தான். "அண்ணை ஒருக்காப் பாக்கட்டும்" என்று சொல்லிப் பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தான்.

சற்று நேரத்தில் மோட்டார்ச் சைக்கிளில் வந்திறங்கியவரைக் கண்டதும் கையிலிருந்த காசு கையிலேயே நின்றது. "சேர், சுகமா இருக்கிறியளோ?" என்றார் அவர். இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் இக்கல்லூரியிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், கடைசி வாங்கில் இருந்த மாணவர் அவர். சாதாரண தரத்தில் தமிழ்ப் பாடத்திற் சித்தியெய்தாது கல்லூரியை விட்டு நீங்கியவர். அவருடைய தேர்ச்சியறிக்கையில், "வாசிப்பிற் சிறிதும் கருத்தில்லை; முன்னேற்றம் ஐயத்துக்குரியது" என்று சிவப்பு மையால் எழுதியவர் நாமே.

அவர் இயந்திரத்தைச் சுற்றி வந்து, பின்புறத்தில் முழந்தாளிட்டு, தூசி படிந்த பெயர்த்தகட்டை விரலால் துடைத்தார். "சேர், தகட்டை வாசிச்சனீங்களோ?"

நாம் வாசிக்கவில்லை. தகடு யப்பான் எழுத்தில் இருந்தது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் இலக்கங்கள் யப்பான் எழுத்தல்லவே. 200 வோல்ற்று, 3 அவத்தை என்று தெளிவாகவே பொறிக்கப்பட்டிருந்தது. எமது வீட்டுக்கு வருவதோ 230 வோல்ற்று ஓரவத்தை மின். பேச்சு வழக்கில் திறீ பேஸ் எனப்படும் மூவவத்தை மின்னை வீட்டுக்கு எடுப்பினும், இந்நாட்டில் அதன் அழுத்தம் 400 வோல்ற்று. அதனை 200 ஆகக் குறைக்கத் தனியே ஒரு நிலைமாற்றி வேண்டும். பாதி விலை என்று நாம் மகிழ்ந்த பொருள் வீட்டுக்கு வந்தபின் பன்மடங்கு செலவு வைத்திருக்கும். அன்றேல் கோழிகள் ஏறி இருக்கும் மேடையாகியிருக்கும். வாசிப்பிற் கருத்தில்லாதவர் என்று நாம் எழுதிய ஒருவர் வாசித்தார். வாசிப்பைக் கற்பித்து ஊதியம் பெறும் நாம் வாசியாதிருந்தோம்.

கடையை விட்டு வெளியேறித் தேநீர்க்கடையில் இருந்தபடி அவர் எமக்கு முதற்பாடம் நடத்தினார். கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்குக. ஆறு பங்குக்கு மேல் இயந்திரத்துக்குக் கொடாதேயும். இரண்டு பங்கு ஆகன் உருளைக்கும் அதன் சீராக்கிக்கும். ஒரு பங்கு முகக்கவசத்துக்கும் கையுறைக்கும். எஞ்சிய பங்கு தங்குதனுக்கும் கம்பிக்கும் பழகிப் பாழாக்கும் உலோகத்துக்கும். புதியவர்கள் முழுத்தொகையையும் இயந்திரத்திற் கொட்டிவிட்டு, வாயு வாங்கக் காசின்றி ஆறு மாதம் அதனைப் பார்த்துக்கொண்டிருப்பர் என்றார்.

அடுத்து, எதனை ஒட்டப் போகின்றோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரும்பும் கறையில் உருக்கும் நேரோட்டத்தில் ஒட்டப்படும். அலுமினியத்துக்கு ஆடலோட்டம் வேண்டும். ஏனெனில் அலுமினியம் 660 பாகையில் உருகினும், அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் 2,000 பாகைக்கு மேலேயே உருகும். மாறி மாறிப் பாயும் ஓட்டமே அப்படலத்தை உடைக்கும். இரண்டும் உள்ள இயந்திரத்தின் விலை மிக அதிகம். எனவே அலுமினிய ஆசையை மகன் அப்பொழுதைக்குத் துறந்தான்.

இரு கிழமை கழித்து, வெளிநாடு செல்லவிருந்த ஒருவர் வீட்டில் மற்றோர் இயந்திரம் பார்த்தோம். இன்வேட்டர் வகை, ஒரு கையால் தூக்கலாம். இம்முறை தகட்டை நாம் வாசித்தோம்; அவர் அருகில் நின்று கேட்டார். 230 வோல்ற்று, ஓரவத்தை, நேரோட்டம், 200 அம்பியர், 60 வீதம். கடைசி எண்ணின் பொருள் எமக்கு விளங்கவில்லை. அந்த ஓட்டத்திற் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடமே ஒட்டலாம், எஞ்சிய நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது அதன் பொருளாம்.

அவர் வெறுங்கையுடன் வரவில்லை. சொந்த ஆகன் உருளை, கூரிய தங்குதன், கறையில் உருக்குக் குழாய்த்துண்டு, போத்தலிற் சவர்க்கார நீர் ஆகியவற்றைக் கொண்டுவந்திருந்தார். "ஓடவிட்டுப் பாராமல் காசு குடுக்கக்கூடாது, சேர்." காற்றாடி சுழல்கிறதா என்று காதுவைத்துக் கேட்டார். கடற்காற்றினால் உள்ளே துரு ஏறியுள்ளதா என்று காற்றுத்துளை வழியே ஒளிபாய்ச்சிப் பார்த்தார். கம்பிகள் பொருந்தும் முனைகள் சூடேறிக் கருகியுள்ளனவா என்று தடவினார். ஊசி உலோகத்தைத் தொடாமலே பொறி பாய்ந்து மின்வில் எழுகிறதா என்று பலமுறை அழுத்தினார். பின்னர் 10 அம்பியரில் மின்வில் நடுங்காது நிற்கிறதா என்றும், முழு ஓட்டத்திற் சில நிமிடம் தாங்குகிறதா என்றும் சோதித்தார். மின்வில் அணைந்த பின்னரும் சில விநாடி வாயு வரவேண்டும். அல்லாவிடின் செஞ்சூடான தங்குதன் கருகிவிடும். அது சரியாக வந்தது. ஈற்றில், ரோச் எனப்படும் கைப்பிடியின் குழாயெங்கும் சவர்க்கார நீரைப் பூசினார். ஓரிடத்திற் குமிழி எழுந்தது. குழாய் வெடித்திருந்தது. அந்தக் குமிழியைக் காட்டி, உடையவர் மனம் நோகாமல் விலையைக் குறைப்பித்தார். மறுநாளே புதுக்குழாய் மாற்றித் தந்தார்.

வாயு பற்றியும் சிறிது கூறவேண்டும். சந்தையில் ஆகனுடன் காபனீரொட்சைட்டுக் கலந்த உருளையும் உண்டு. அது வேறு முறைக்குரியது. அதனை இதிற் பூட்டினால் தங்குதன் எரிந்துபோம். தனி ஆகனே வேண்டும். உருளையின் தோளிற் பொறித்த பரிசோதனைத் திகதியையும் உரிமைப் பத்திரத்தையும் பார்த்தே வாங்கவேண்டும். 10 லீற்றர் உருளையில் 150 வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 1,500 லீற்றர் வாயு அடங்கும். நிமிடத்துக்கு 8 லீற்றர் செலவிட்டால் மூன்று மணித்தியாலம் வரும். தங்குதனிற் செந்நிறக் குறியுள்ளது தோரியம் கலந்தது. சிறிது கதிர்த்தொழிற்பாடு உடையது. தீட்டும்போது எழும் தூளைச் சுவாசித்தல் தீது. இலந்தனம் கலந்ததையே வாங்குவித்தார். மின்வில்லின் கழியூதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் முழுக்கைச் சட்டை கட்டாயமாயிற்று. முழு ஓட்டத்தைச் சாதாரணச் செருகி தாங்காது. ஆதலின் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு தனிக்கம்பி இழுத்தோம்.

இவ்வளவும் ஆனபின், மகனுக்குப் பக்கத்தில் நாமும் ஒரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அமர்ந்தோம். முதலிற் கம்பியின்றியே, தகட்டின்மேல் உருகிய சிறு குளத்தை நேராக நடத்திச் செல்லப் பழகவேண்டுமாம். ஊசிக்கும் தகட்டுக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீற்றர் அளவே. எமது கை நடுங்கியது, ஊசி குளத்திற் குத்தியது, மீண்டும் தீட்டவேண்டும். அன்று மாலைக்குள் எத்தனை முறை குத்தினோம் என்று எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் ஊசியை வாங்கி, நீளவாட்டில் தீட்டி, "இன்னொருக்கா, சேர்" என்று நீட்டினார்.

அந்த "இன்னொருக்கா"தான் எம்மை வருத்தியது. நாம் அவருக்கு அதனைச் சொன்னதில்லை. மகன் உள்ளே சென்ற வேளையில், "அந்தத் தேர்ச்சியறிக்கையில் நாம் எழுதியது நினைவிருக்கிறதோ, தம்பி?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் சிரித்தார். "அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, சேர். நான்தான் வாசிச்சுக் காட்டினனான். அதை மட்டும் பிழையில்லாமல் வாசிச்சன்."

சிறிது பொறுத்து அவரே சொன்னார்: "எனக்கு எழுத்துகள் ஒண்டோடொண்டு இடம் மாறும், சேர். இப்பவும்தான். இலக்கமெண்டால் மாறாது." கருத்தின்மை என்று நாம் தீர்ப்பெழுதியது கருத்தின்மையன்று. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற சான்றிதழ் எமது சுவரிற் சட்டமிட்டுத் தொங்கியது. அப்பிள்ளையின் இடர்ப்பாட்டை நாம் ஒருநாளும் வாசித்தறியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். "வாயு வீணாப் போகுது, சேர்" என்று கூறி அவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார்.

மகன் இப்பொழுது படலைகள் செய்கின்றான். பல்கலைக்கழக அனுமதியும் வந்துள்ளது. எதனைத் தெரிவான் என்பது அவன் முடிவு. எமது வகுப்பில், தடுமாறி வாசிக்கும் பிள்ளைகள் இவ்வாண்டு மூவர் உளர். பாடம் முடிந்தபின் அவர்களுடன் அரைமணி நேரம் தங்குகின்றோம். தேர்ச்சியறிக்கை எழுதும் நாளில் சிவப்புப் பேனையை எடுக்கும் கை இப்பொழுது சற்றுத் தயங்குகிறது.

இம்மலரில் வைத்தியரும் பொறியியலாளரும் நீதிபதிகளுமாக விளங்கும் பழைய மாணவர் பெயர்கள் வரிசையாக இடம்பெறும். அவர்களால் நாம் பெருமையுறுகின்றோம். இவர் பெயரையும் சேர்க்க விரும்பி அனுமதி கேட்டோம். "வேண்டாம், சேர், ஆனால் மலர் வந்தால் ஒண்டு தாங்கோ" என்றார். ஆதலின் பெயர் குறியாது எழுதினோம். மலர் கிடைத்ததும் பட்டறைக்குச் சென்று, இக்கட்டுரையை நாமே அவருக்கு வாசித்துக் காட்ட எண்ணியுள்ளோம்.