அம்மாவின் படத்துக்கு என்ன அளவு?

என் தாயார் 2024-ஆம் ஆண்டு ஆவணி மாதம், தமது 86-ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். முதலாண்டுத் திதி வருவதற்குள் அவருடைய படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று உடன்பிறந்தோர் மூவரும் முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. படம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று.

புனேயில் இருக்கும் தம்பி தொலைபேசியில் திட்டவட்டமாகச் சொன்னான்: “இருபதுக்கு இருபத்துநாலு அங்குலம் போடுங்கள் அண்ணா. செலவு முழுவதும் என்னுடையது. வாசலில் நுழைந்ததும் அம்மா தெரிய வேண்டும்.” திருச்சியில் இருக்கும் தங்கைக்கு வேறொரு கவலை. “அப்பா படத்தைவிட ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது. அதோடு அம்மா நெற்றியில் குங்குமம் வைத்துத்தான் பிரிண்ட் போட வேண்டும். இப்போது அவர் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டாரே” என்றாள்.

இருவருக்கும் தெரியாத ஒரு சங்கடம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பெரிதாக்குவதற்கு அம்மாவின் படமே இல்லை.

அப்பாவுக்குப் படம் உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்து 1988-இல் ஓய்வு பெற்றபோது கும்பகோணத்தில் ஸ்டுடியோவுக்குப் போய், அங்கவஸ்திரத்துடன் இடுப்புவரை எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். 1991-இல் அவர் காலமானபின் அதுவே கூடத்தில் ஏறியது. அம்மாவோ அந்த ஆண்டு முதல் எந்தப் படத்திலும் நின்றதில்லை. மங்கல காரியங்களில் கணவனை இழந்த பெண்கள் படத்துக்கு நிற்பதில்லை என்னும் பழைய கட்டுப்பாட்டை எவரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே அவர் ஏற்றுக்கொண்டார். 2010-இல் என் மகளின் திருமணத்தில் குடும்பத்தார் அனைவரும் மேடைக்கு வருமாறு புகைப்படக்காரர் அழைத்தபோது, அம்மா கடைசி வரிசை நாற்காலியில் ஒரு பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். அழைக்கவில்லை. அந்தத் திருமண ஆல்பம் 60 பக்கம். ஒரு பக்கத்தில் அம்மாவின் புடைவைத் தலைப்பு மட்டும் இருக்கிறது.

கடைசியில் கிடைத்தது எங்கே தெரியுமா? குடும்ப ஓய்வூதியப் பாஸ் புத்தகத்தின் உறைக்குள். 2004-இல் கணக்குக்குப் புகைப்படம் தேவைப்பட்டது. வாழ்நாள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் “மூன்று பிரதி கொண்டு வாருங்கள்” என்று சொல்லிப் பழகியவன் நான். அன்று அம்மாவையும் அப்படித்தான் ஸ்டுடியோவுக்கு அழைத்துச் சென்றேன். எட்டுப் பிரதி போட்டுக் கொடுத்ததில் ஒன்று மிஞ்சியிருந்தது. 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். நெற்றியில் திருநீறு. முகத்தில், இது எப்போது முடியும் என்பது போன்ற ஒரு பொறுமை.

அதையும் அப்பாவின் படத்தையும் எடுத்துக்கொண்டு, சாரங்கபாணி கோயில் பக்கம் உள்ள ஒரு படக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். அப்பாவின் படத்தைப் பிரித்தார். உள்ளே பூச்சி அரித்த அட்டை. ஒரு மூலையில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. “கண்ணாடி படத்து மேலேயே உக்காந்திருக்கு சார். மழைக்கால ஈரத்துல ஒட்டிக்கும். இப்பப் பிரிச்சா கிழிஞ்சிடும், விட்டுடுங்க” என்றார். பழைய படங்கள் உள்ள வாசகர்கள் இதை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. ஒட்டிவிட்ட படத்தை வீட்டில் பிரிக்க முயலாதீர்கள்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. சட்டத்தின் அளவை அவர் பார்க்கவே இல்லை. அளவுகோலை அப்பாவின் முகத்தின்மேல் வைத்தார். நெற்றியின் மேல்விளிம்பிலிருந்து முகவாய்வரை மூன்று அங்குலம். அம்மாவின் சிறு படத்தில் அதே அளவு இரண்டு சென்டிமீட்டர். “சட்டம் ஒண்ணா இருந்து முகம் பெரிசு சின்னதா இருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற மாதிரி இருக்காது சார். முகம் ஒண்ணா இருக்கணும்” என்றார்.

நம் சிற்பிகள் கையாளும் முறையும் இதுவே அல்லவா! முகத்தின் நீளத்தைத் ‘தாலம்’ என்று கொண்டு, அதன் மடங்காகவே திருமேனியின் உயரத்தை வகுப்பார்கள். பெருந்தெய்வங்களுக்குத் தசதாலம், விநாயகருக்குப் பஞ்சதாலம். கருவறையின் முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அந்தக் கணக்கு ஒரு படக்கடையின் மரத்தூளுக்கு நடுவே விளங்கும் என்று நினைக்கவில்லை.

வங்கிக்காரன் கணக்கை விடுவானா? அங்கேயே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் முகம் மூன்று அங்குலம் ஆக வேண்டுமானால் சிறு படத்தை நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெரிதாக்க வேண்டும். அப்படியானால் படம் ஏறக்குறைய ஐந்துக்கு ஏழு அங்குலம். தம்பி கேட்ட இருபதுக்கு இருபத்துநாலு என்றால் பதின்மூன்று மடங்குக்கு மேல். அதில் அம்மாவின் முகம் பத்தரை அங்குலத்தைத் தாண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று என் முகத்தை அளந்தேன். ஏழரை அங்குலம். அம்மாவின் முகம் என்னுடையதைவிடச் சிறியது. உயிரோடிருந்த முகத்தைவிடப் பெரிய முகத்தை மாட்டி யாரை வணங்குவது?

தெளிவும் ஒரு பிரச்சினை. நான்கு மடங்குவரை அந்தச் சிறு படம் தாங்கும் என்றார் கடைக்காரர். அதற்குமேல் போனால் புருவமும் இமையும் கலைந்துவிடும். கணினியில் புதிதாக வரைந்து நிரப்புவார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு யாருடைய இமையோ.

ஐந்துக்கு ஏழு என்றால் தங்கையின் நிபந்தனை என்ன ஆவது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டரை அங்குல அகலத்தில் வெளிர்நிற மவுண்ட் அட்டை. ஐந்தும் ஐந்தும் பத்து, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. வெளிச்சட்டம் அப்பாவினுடையதேபோல் பத்துக்குப் பன்னிரண்டு! அட்டையின் கனத்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சிறிது இடைவெளியும் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒட்டிக்கொள்ளாது. வண்ணம் வெளிறியிருந்ததால் கறுப்பு வெள்ளையாகவே பிரிண்ட் போடச் சொன்னேன். அப்பாவுக்கும் அதுதான் பொருந்தும்.

குங்குமம் மட்டும் மீதி இருந்தது. “ஒரு நிமிஷ வேலை சார், கம்ப்யூட்டர்லயே வச்சிடலாம்” என்றார். எனக்கு மனம் வரவில்லை. 33 ஆண்டுகள் அம்மா எந்த நெற்றியோடு வாழ்ந்தாரோ அதை நான் திருத்துவதா? அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தங்கையிடம் சொன்னபோது அவள் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

தம்பியிடம் என் கணக்கை விளக்கினேன். முழுவதும் கேட்டான். சிறிது நேரம் கழித்து, “பெரிதாக வேண்டும் என்று ஏன் கேட்டேன் தெரியுமா அண்ணா? உங்கள் பெண் கல்யாணத்தில் அம்மா கீழே உட்கார்ந்திருந்தார். நானும் மேடையில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்” என்றான். இத்தனை ஆண்டுகளாக அது என் ஒருவனுடைய குற்றம் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பூஜை அலமாரியில் பாட்டி காலத்து ரவிவர்மா அச்சகத்து லட்சுமி படம் ஒன்று உண்டு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் இத்தகைய வண்ணப்படங்கள் எளிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. பக்கத்தில் கோவில்பட்டி கொண்டைய ராஜு தீட்டிய முருகன், காலண்டரிலிருந்து கத்தரித்துச் சட்டம் போட்டது. அம்மா எந்தப் படம் வாங்கினாலும், கட்டினாலும், காமாட்சி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பார்ப்பார். சுடரின் வெளிச்சம் படத்தின் மேல்விளிம்புவரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால், “இவ்வளவு பெரிசு நமக்கு எதுக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். தஞ்சாவூர் ஓவியங்களில் மூலமூர்த்தி பெரிதாகவும் சுற்றியுள்ளோர் சிறிதாகவும் இருப்பார்கள். அங்கே அளவென்பது தகுதி. அந்த லட்சுமி படத்தைவிடப் பெரிய படத்தில் தம்மை மாட்டியிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

பூஜையறையில் தெய்வப் படங்களோடு முன்னோர் படத்தைச் சேர்ப்பது எங்கள் வழக்கமில்லை. கூடத்தின் தெற்குச் சுவரில், வடக்கு நோக்கி இருவரையும் மாட்டினோம். அப்பாவின் படம் இதுவரை நிலைப்படிக்கு மேலே, முன்புறம் சாய்ந்தபடி இருந்தது. மாலை சார்த்த ஒவ்வொரு முறையும் முக்காலி ஏற வேண்டும். சென்ற தை அமாவாசையன்று என் மனைவி கால் இடறி, நல்லவேளையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இம்முறை இரண்டையும் நின்றால் கண்ணுக்கு நேராக வரும்படி இறக்கிவிட்டோம். நம் வயதில் இது முக்கியம்.

திதியன்று தம்பியும் தங்கையும் வந்துவிட்டார்கள். தங்கை முதலில் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. காரியங்கள் முடிந்து, காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு வந்தபின், சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு இரண்டு படங்களின் முன் நின்றாள். அப்பாவின் கண்ணாடியில் சந்தனம் மட்டும் வைத்தாள். அம்மாவின் கண்ணாடியில் சந்தனம் வைத்து, அதன்மேல் மோதிர விரலால் குங்குமத்தையும் வைத்தாள். திருநீற்றுக்குச் சற்றுக் கீழே, சரியாகப் புருவங்களுக்கு நடுவில். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி குனிந்து, விளக்கைக் கொஞ்சம் அருகே நகர்த்தி வைத்தான்.